20 அடி ஃபைபர் போட்டுக்கு டிரிம் டேப்: எந்த அளவு, எப்படிப் பொருத்துவது?

கேள்வி
20 அடி போட், ஒற்றை 115 எச்பி அவுட்போர்டு. நாலு பேர் ஏறினால் கிளம்பும்போது அணியம் (முன்பக்கம்) தூக்கி முன்னால் எதுவும் தெரிவதில்லை. பக்கக்காற்றில், காற்றடிக்கும் பக்கமே சாய்ந்து ஓடுகிறது. பின்பலகையின் (போட்டின் பின்சுவர்) அடியில் இரு பக்கமும் மாட்டி ஏற்றி இறக்கும் தகடான டிரிம் டேப் போடலாமென்று இருக்கிறேன். அகலம்×நீளம் 12×9 அங்குலம் போதுமா, 18×9 வேண்டுமா? எலெக்ட்ரிக்கா, ஹைட்ராலிக்கா? பின்பலகைக்குள் பிளைவுட்.

பதில் 1
முதலில் எஞ்சினை முழுக்க உள்ளே டிரிம் செய்து (போட் பக்கமாகச் சாய்த்து), பேட்டரியையும் ஐஸ் பெட்டியையும் முன்னால் தள்ளி ஓட்டிப் பாருங்கள். அணியம் ஓரளவு அதிலேயே இறங்கும். பக்கச் சாய்வு போகாது. எஞ்சின் டிரிம் அணியத்தைத்தான் ஏற்றி இறக்கும். சாய்வை எடுக்க டேப்தான் வேண்டும்.

போட் நீளத்தில் அடிக்கு ஓர் அங்குலம், அது ஒரு பக்க டேப்பின் அகலம். கணக்குப்படி 20 வரும், நீங்கள் கேட்ட இரண்டில் அதற்கு நெருக்கமான 18×9 எடுங்கள். 12-ஐ முழுக்க இறக்கினாலும் குறைந்த வேகத்தில் தூக்கு போதாது.

எலெக்ட்ரிக்கில் வயரிங் மட்டும்தான். ஆனால் சீல் போய்த் தண்ணீர் இறங்கினால் ஆக்சுவேட்டரையே (டேப்பைத் தள்ளும் மோட்டார்த் தண்டு) மாற்ற வேண்டும். ஹைட்ராலிக்கில் மோட்டாரும் பம்பும் போட்டுக்குள் இருக்கும், வெளியே ராம் (எண்ணெய் அழுத்தத்தில் டேப்பைத் தள்ளும் தண்டு) மட்டும். தினம் தண்ணீரிலேயே கிடக்கும் போட் என்றால் என் ஓட்டு ஹைட்ராலிக்குக்கு.

பதில் 2
பிளைவுட் என்றீர்களே, கவனம் அங்கேதான். ஸ்க்ரூ ஓட்டை வழியாக உப்புத்தண்ணீர் இறங்கினால் பலகை உள்ளுக்குள்ளேயே இற்றுப்போகும், வெளியே தெரியாது. ஓட்டையைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டு எபாக்சியால் அடைத்து, இறுகியபின் ஸ்க்ரூ அளவுக்கு மறுபடி துளையிடுங்கள். ஜெல்கோட்டை (ஃபைபரின் மேல்பூச்சு) தாண்டும்வரை டிரில்லை ரிவர்ஸில் ஓட்டினால் விரிசல் விடாது. சீலன்ட் கடலுக்கானதாக, பின்னால் கழற்றக்கூடியதாக இருக்கட்டும்.

டேப் மாட்டும் இடம்: அடிப்பாகத்தின் வெளி ஓரத்திலிருந்து 3 அங்குலம் உள்ளே, எஞ்சின் மையத்திலிருந்து 8 அங்குலமாவது தள்ளி, அடிக்கோட்டுக்கு (போட்டின் அடிமட்டக் கோடு) கால் அங்குலம் மேலே. முழுக்க ஏற்றிய நிலையில் டேப்பின் பின்நுனி அடிக்கோட்டுக்குக் கீழே தொங்கினால், சுவிட்சைத் தொடாமலே அணியம் அமுங்கும். துளையிடுமுன் டேப் அளவில் அட்டையை வெட்டி ஒட்டி, மீன் ஃபைண்டர் டிரான்ஸ்டியூசர் (ஒலி உணரி), டிரெய்லர் கட்டை, உள்ளே ஓடும் வயர் எல்லாம் பார்த்துவிடுங்கள்.

துத்தநாக ஆனோடை (டேப்புக்குப் பதிலாகத் தான் அரிபடும் கட்டி) விட்டுவிடாதீர்கள். அதன்மேல் பெயின்டும் அடிக்காதீர்கள், அடித்தால் அது வேலை செய்யாது.

கேள்வி கேட்டவர்
மாட்டியாயிற்று, 18×9 ஹைட்ராலிக். இடது சுவிட்சை அழுத்தினால் வலது டேப் இறங்குகிறதே, வயர் மாறிவிட்டதா?

பதில் 1
இல்லை, சரிதான். வலது டேப் இறங்கினால் வலப்பக்கப் பின்புறம் தூக்கும், இடது அணியம் தாழும். சுவிட்ச் அணியத்துக்கு, டேப்புக்கு அல்ல. காற்றுக்குச் சாய்ந்தால் சாய்ந்த பக்க டேப்பை இறக்குங்கள். விட்டுவிட்டு ஒரு தட்டு தட்டி, போட் அசைவதைப் பார்த்து அடுத்த தட்டு.

பின்னலையில் (பின்னாலிருந்து வரும் அலையில்) வரும்போதும் முகத்துவாரம் நுழையும்போதும் இரண்டையும் ஏற்றிவிடுங்கள். இறக்கியே வந்தால் அணியம் தண்ணீரைக் கடித்துப் போட் பக்கவாட்டில் திரும்பிவிடும். ரிவர்ஸ் போடும் முன்னும் ஏற்ற வேண்டும். கட்டி நிறுத்தும்போதும் ஏற்றியே வையுங்கள், நீட்டிய ராமில் சிப்பி ஒட்டினால் அடுத்தமுறை சீலைக் கிழித்துக்கொண்டுதான் உள்ளே போகும்.