55,000 ரூபாய்க்குள் கேமிங் கம்ப்யூட்டர்: ரைசன் 5 5600 எடுக்கலாமா, 5600ஜி போதுமா?

வணக்கம் நண்பர்களே. பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் ஒரு கேமிங் கம்ப்யூட்டர் வாங்கித் தருவதாகத் தம்பியிடம் சொல்லியிருந்தேன். மானிட்டர் ஏற்கெனவே இருக்கிறது, 1080பி, 75 ஹெர்ட்ஸ். மற்றதெல்லாம் சேர்த்து 55,000 ரூபாய்தான் என்னால் முடியும். வேலரண்ட், ஜிடிஏ 5, அப்புறம் கொஞ்சம் வீடியோ எடிட்டிங், இவ்வளவுதான் தேவை.

நான் யோசித்து வைத்திருப்பது ரைசன் 5 5600 பிராசஸர், பி550 மதர்போர்டு, 8 ஜிபி ராம் இரண்டு, ஆர்எக்ஸ் 6600 கிராபிக்ஸ் கார்டு. ரிச்சி தெருவில் ஒரு கடைக்காரர், "இப்போதைக்கு 5600ஜி எடுங்க, கார்டை அப்புறம் பார்த்துக்கலாம்" என்கிறார். 5600ஜி பிராசஸரிலேயே கிராபிக்ஸ் இருப்பதால், தனிக் கார்டு இல்லாமலும் ஓடும். ஆனால் அதில் எல்3 கேஷ் (பிராசஸருக்குள் இருக்கும் வேகமான மெமரி) 16 எம்பிதான், 5600-இல் 32. கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பாதையான பிசிஐஇ-யும் 5600ஜி-யில் பழைய 3.0-தான். ஆர்எக்ஸ் 6600 அந்தப் பாதையில் எட்டு லேன் (தடம்) மட்டுமே பயன்படுத்தும் கார்டு என்பதால், பின்னால் அதைப் போட்டால் வேகம் குறையுமோ என்று உறுத்துகிறது. பணம் போதாவிட்டால் 5600ஜி-யும் ஒரு வழிதானே?

கம்ப்யூட்டருக்கு மின்சாரம் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ்-இல் மட்டும் மிச்சம் பிடிக்க மாட்டேன். என் பழைய கம்ப்யூட்டரில், கேபினெட்டோடு வந்த மலிவான எஸ்எம்பிஎஸ் பொசுங்கி, மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் கூடவே கொண்டுபோய்விட்டது. அப்பாவின் கடைசிப் படங்கள் அதில்தான் இருந்தன. 550 வாட், 80 பிளஸ் ப்ரான்ஸ் (Bronze) என்ற மின்திறன் சான்று உள்ள எஸ்எம்பிஎஸ் போதுமா?

கிராபிக்ஸ் கார்டை செகண்ட் ஹேண்டில் வாங்கியவர்கள் இருந்தால், கடையில் நின்றபடியே எதையெல்லாம் சோதித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லுங்கள். வரும் சனிக்கிழமை போகிறேன்.