மறு: சர்க்கரை அச்சு – ‘பூத்த வார்ப்பு’ என்ற சொல் பற்றி

அன்புள்ள நண்பர்களுக்கு,

வணக்கம். இந்த இழையில் வந்த எல்லா மடல்களையும் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகவே இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

இலை, சிப்பி, ரோஜா மொட்டு என்று சின்னச் சின்ன அலங்கார உருவங்களைச் சர்க்கரையில் வீட்டிலேயே செய்துவருகிறேன். அதன் செய்முறையைத் தமிழில் எழுத உட்கார்ந்தேன். முதல் வரியிலேயே நின்றுவிட்டது. செய்த பொருளுக்கே ஒரு பெயர் இல்லை. இதற்கு என்ன பெயர் வைக்கலாம் என்று இந்தக் குழுவில் கேட்டதற்குக் காரணம் அதுதான்.

> ‘சர்க்கரை அச்சு’ போதுமே. கேட்டவுடன் புரிகிறது. புதிதாக எதற்கு?

ஐயா, புரிவது உண்மை. ஆனால் எது புரிகிறது என்று பாருங்கள். செங்கல் அச்சு என்றால் செங்கல் அறுக்கும் சட்டம், அதாவது கருவி. அச்சுவெல்லம் என்றால் அச்சில் இட்டு எடுத்த வெல்லம், அதாவது பொருள். தமிழ்த் தொகையில் கடைசியில் நிற்கும் சொல்தான் பொருளைச் சொல்கிறது. அந்தக் கணக்குப்படி ‘சர்க்கரை அச்சு’ கருவிக்குப் போய்விடுகிறது, உள்ளே இருந்து வரும் இலைக்கு வேண்டியது ‘அச்சுச் சர்க்கரை’. ‘இரண்டு அச்சு வெல்லம் போடு’ என்று கட்டியையே அச்சு என்று எண்ணும் வழக்கமும் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் செய்முறையில் ‘அச்சை எண்ணெய் தடவி வை’, ‘அச்சை ஆறவிடு’ என்று அடுத்தடுத்து எழுதும்போது முதல் அச்சு கருவி, இரண்டாவது அச்சு பண்டம் என்றால் புதிதாகச் செய்பவர் என்ன செய்வார்?

அப்புறம், அச்சு என்றால் இன்று பலருக்கும் முதலில் நினைவுக்கு வருவது அச்சகம். என் வரைவைப் படித்த ஒருவர் ‘அச்சுச் சர்க்கரை’ என்றதும் கேக்கின் மேல் ஒட்டும் படம் அச்சிட்ட சர்க்கரைத் தாள் என்றே நினைத்தார். சர்க்கரைத் தூளை அடுக்கடுக்காக இறுக்கி முப்பரிமாண உருவம் அச்சிடும் எந்திரமும் வந்துவிட்டது. எனவே அச்சு என்ற சொல்லைக் கருவிக்கு மட்டும் வைத்துக்கொள்வோம் என்பது என் கருத்து.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருக்கிறது. நாம் ஒரு பொருளுக்குப் பெயர் தேடுகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அங்கே இருப்பவை மூன்று.

முதலாவது, அடுப்பே வேண்டாத முறை. 200 கிராம் பொடிச் சர்க்கரைக்கு இரண்டு தேக்கரண்டித் தண்ணீர் தெளித்து விரலால் பிசறினால் ஈர மணல் மாதிரி ஆகும். உள்ளங்கையில் அள்ளி இறுக்கிப் பார்க்க வேண்டும். கையைத் திறந்தால் விரல் தடத்தோடு அப்படியே நிற்க வேண்டும். நிற்காமல் உதிர்ந்தால் இன்னும் சில சொட்டுத் தண்ணீர். அச்சில் அமுக்கி, மேலே வழித்து, கவிழ்த்துவிட்டுப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் காயவிட்டால் கல் மாதிரி ஆகிவிடும். ஒவ்வொரு சர்க்கரை மணியின் மேல்தோலும் அந்தத் துளித் தண்ணீரில் கொஞ்சம் கரைகிறது, தண்ணீர் போனதும் கரைந்தது மறுபடி திடமாகிப் பக்கத்து மணியோடு பாலம் போட்டுக்கொள்கிறது. சர்க்கரைக் கட்டியும் இந்த வழியில் பிறந்ததுதான். இன்றைய செக் நாட்டின் டாச்சிட்சே ஊர்ச் சர்க்கரை ஆலையில் இருந்த யாக்கோப் கிறிஸ்டோஃப் ராட், ஈரச் சர்க்கரையை அச்சில் அமுக்கிக் கட்டியாக்கும் கருவிக்கு 1843-இல் காப்புரிமை பெற்றார்.

இதற்கு ‘அழுத்தச் சர்க்கரை’ என்று ஒருவர் முன்வைத்திருந்தார். பொருள் சரி. ஆனால் அழுத்தமும் சர்க்கரையும் இன்று பேச்சுவழக்கில் இரண்டு நோய்களின் பெயர்கள். பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வாசகர் மனம் மருத்துவமனைக்குப் போய்விடும். நான் சொல்வது ‘பிடிசர்க்கரை’. உருண்டை பிடிக்கிறோம், களிமண்ணில் பொம்மை பிடிக்கிறோம். கை செய்கிற வேலையும் அதுதான், ஈரம் போதுமா என்று பார்க்கிற சோதனையும் அதுதான். ‘பிடி நிற்கிறதா பார்’ என்று ஒரே வரியில் எழுதிவிடலாம்.

இரண்டாவது முறை, பாகைக் காய்ச்சி ஊற்றுவது. இங்கேதான் எல்லோரும் ‘வார்ப்பு’ என்பதில் ஒத்துப்போகிறோம், மகிழ்ச்சி. சிலையும் வார்க்கிறோம், தோசையும் வார்க்கிறோம். ஆலைக்கும் அடுப்படிக்கும் பொதுவான இப்படி ஒரு வினை கிடைப்பது அரிது.

ஆனால் வார்ப்பிலும் இரண்டு வகை உண்டு, அப்படித்தான் மொத்தம் மூன்று ஆகிறது. சர்க்கரையோடு கொஞ்சம் குளுக்கோஸ் பாகும் தண்ணீரும் சேர்த்து 150 டிகிரி செல்சியஸ் அளவுக்குக் காய்ச்சினால் தண்ணீர் கிட்டத்தட்ட 1 சதவீதத்துக்கு இறங்கிவிடும். அதை ஊற்றினால் நிறமில்லாத கண்ணாடி மாதிரி ஊடுருவித் தெரியும் இலை கிடைக்கும். சர்க்கரை மூலக்கூறுகள் வரிசைகட்டி நிற்பதற்குள் பாகு இறுகிவிடுகிறது. குளுக்கோஸ் பாகில் இருக்கும் வேறு மூலக்கூறுகளும் நடுவில் புகுந்து வரிசையைக் கலைக்கின்றன. மற்றொன்று, 115 டிகிரியிலேயே இறக்கி, கொஞ்சம் ஆறவிட்டு, கரண்டியின் பின்பக்கத்தால் பாத்திரத்தின் ஓரத்தில் தேய்ப்பது. தேய்க்கத் தேய்க்கப் பாகு கலங்கும். கலங்கியதும் சட்டென்று ஊற்றிவிட வேண்டும். நுண்ணிய மணிகள் லட்சக்கணக்கில் உண்டாகி, ஒளி ஊடுருவாத, தொட்டால் சுண்ணக்கட்டி போன்ற உருவம் வரும். ராட் காலத்துக்கு முன்பு ஐரோப்பாவில் சர்க்கரை பெரும்பாலும் கூம்புக் கட்டிகளாகத்தான் விற்றது. அந்தக் கூம்பும் இந்த வகைதான், மணி விட்ட பாகைக் கூம்பு அச்சில் ஊற்றி இறுகவைத்தது.

இந்த இரண்டையும் பிரிக்கத்தான் இத்தனை மடல்கள்.

> ஒன்று கண்ணாடிவார்ப்பு, இன்னொன்று படிகவார்ப்பு. அறிவியல் முடிந்தது.

அறிவியல் சரிதான் அம்மா, மூலக்கூறுகள் வரிசைகட்டித் திரண்ட மணிதான் படிகம். ஆனால் படிகம் என்ற சொல் தமிழில் என்ன காட்சியைக் கொண்டுவருகிறது? தெளிவு. ‘படிகம் போல’ என்றாலே உள்ளே இருப்பது தெரியும் என்று பொருள். இலங்கை நண்பர் சொன்ன ‘பளிங்கு’ அங்கே பாடநூல் சொல், அதை மதிக்கிறேன். இங்கே ‘பளிங்குத் தண்ணீர்’ என்றால் அதுவும் தெளிவுதான். சர்க்கரையில் நடப்பது இதற்கு நேர் எதிர். மணியாகத் திரண்டது கலங்கித் தெரிகிறது, திரளாதது தெளிந்து நிற்கிறது. ‘படிகவார்ப்பு’ என்று எழுதினால் பத்துப் பேரில் பெரும்பாலோர் கண்ணாடி இலையைத்தான் எதிர்பார்ப்பார்கள். பெயரைக் கேட்டவர் தவறான பொருளுக்குப் போவாரானால் அந்தப் பெயரை அடுப்படி நூலில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. வேதியியல் நூலில் இருக்கட்டும்.

‘வெண்வார்ப்பு’ நன்றாக ஒலிக்கிறது, ஆனால் அதில் ரோஜா நிறம் சேர்த்தால்? ‘பால்வார்ப்பு’ என்றால் பால் சேர்ந்ததோ என்று கேட்பார்கள். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை. ‘மணிவார்ப்பு’ என் முதல் தேர்வாக இருந்தது, நெல்மணி என்கிற பொருளில். ஆனால் கோயில் மணி வார்ப்பவர்கள் இருக்கும் வரை அதை எடுக்க முடியாது.

இப்போது என் முன்மொழிவுக்கு வருகிறேன். ஒன்று ‘தெளிந்த வார்ப்பு’, மற்றொன்று ‘பூத்த வார்ப்பு’.

பூத்தல் எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன். முதன்முதலில் தெளிந்த வகையை முயன்றபோது பாத்திரத்தின் பக்கச் சுவரில் தெறித்துக் காய்ந்திருந்த சர்க்கரை மணிகளை நான் கவனிக்கவில்லை. ஈரத் தூரிகையால் அவற்றைக் கழுவி இறக்கியிருக்க வேண்டும். இரண்டு இலை ஊற்றியிருப்பேன். பாத்திரத்தில் மிச்சமிருந்த பாகின் ஓரத்தில் ஒரு வெண்புள்ளி. பார்த்துக்கொண்டே இருக்கும்போது அது பரவி, மொத்தமும் கலங்கி, கரண்டியை அசைக்க முடியாமல் இறுகிப்போனது. வீட்டில் பெரியவர் எட்டிப்பார்த்துவிட்டு, ‘சுவரில் உப்புப் பூத்த மாதிரி பூத்துப்போச்சே’ என்றார். அந்தச் சொல் அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

யோசித்துப் பாருங்கள். உப்புப் பூத்தல், நீறு பூத்த நெருப்பு, வழி பார்த்துக் கண் பூத்தல். இந்த மூன்றிலும் தெளிவாக, ஒளியாக இருந்த ஒன்றின் மேல் வெண்மையோ மங்கலோ படர்கிறது. உப்பில் நடப்பது படிகமாதலே. கரைசலில் இருந்தது தண்ணீர் போனதும் மணியாக வெளியே வருகிறது. சர்க்கரைப் பாகிலும் அளவுக்கு மேல் கரைந்திருந்தது ஒரு சிறு மணியைப் பற்றிக்கொண்டு வெளியே வருகிறது. நாம் புதிதாக ஒன்றும் உண்டாக்க வேண்டாம். இருக்கிற வினையைப் பக்கத்து வீட்டிலிருந்து எடுத்துவருகிறோம், அவ்வளவுதான்.

இதில் எனக்குப் பிடித்த இன்னொன்று, ஒரே வினை முறையையும் சொல்கிறது, பழுதையும் சொல்கிறது. பூத்த வார்ப்பில் பாகைப் பூக்கவைக்கிறோம். தெளிந்த வார்ப்பில் பூக்கவிடாமல் காக்கிறோம். ‘எலுமிச்சைச் சாறு சில துளி விட்டால் எளிதில் பூக்காது’, ‘காய்ச்சும்போது கிளறினால் பூத்துவிடும்’, ‘ஒரு சிட்டிகைச் சர்க்கரை தூவினால் சீக்கிரம் பூக்கும்’. இந்த மூன்று வரிகளையும் ‘படிகமாதல்’ போட்டு எழுதிப் பார்த்தேன். பிழை இல்லை, ஆனால் அடுப்பு முன்னால் நிற்பவர் வாயில் வராது.

மறுப்புகளையும் நானே எடுத்துவைக்கிறேன். பூஞ்சை பூத்தது என்றும் சொல்கிறோமே, கெட்டுப்போனதாக நினைக்கமாட்டார்களா? அங்கே பூஞ்சை என்ற எழுவாய் கூடவே வருகிறது. பாகு பூத்தது என்றால் பாகுதான் எழுவாய், குழப்பம் வர வழி குறைவு. பெயர்ச்சொல் வேண்டுமே, ‘பூப்பு’ என்று சுருக்கலாமா? அது வேண்டாம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வாழ்க்கை இருக்கிறது. ‘பூத்தல்’ என்றே இருக்கட்டும். பூ வடிவ வார்ப்பு என்று படிக்கமாட்டார்களா? ‘பூவார்ப்பு’ என்று ஒட்டினால் படிப்பார்கள், அதனால்தான் ‘பூத்த’ என்று பெயரெச்சமாகப் பிரித்து வைத்தேன்.

> இலங்கையில் சர்க்கரை என்றால் பனையிலோ கித்துளிலோ (கூந்தல்பனை) எடுக்கும் பழுப்புக் கட்டி. வெள்ளையாக இருப்பது சீனி. உங்கள் சொற்கள் எங்களுக்கு எப்படி உதவும்?

மிக முக்கியமான கேள்வி. தமிழ்நாட்டிலேயே தென்மாவட்டங்களில் சீனிதான், சர்க்கரை என்றால் நாட்டுச் சர்க்கரை. அஸ்கா என்று சொன்ன தலைமுறையும் உண்டு. ஒடிசாவின் அஸ்கா ஊர் ஆலைச் சரக்கு அந்த ஊர்ப் பெயரிலேயே வந்து தங்கிய சொல் அது. சீனி என்பதிலும் சீன நாட்டின் பெயர் ஒட்டியிருக்கிறது. சர்க்கரையோ வடமொழியில் முதலில் பரல், சிறுகல் என்ற பொருளில் இருந்த சொல். இதில் எது மேல் என்று நாம் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. ‘தெளிந்த வார்ப்பு’, ‘பூத்த வார்ப்பு’ இரண்டிலும் அந்தப் பெயரே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். தேவைப்படும் இடத்தில் அவரவர் முன்னால் சேர்த்துக்கொள்ளலாம். ‘பிடிசர்க்கரை’ மட்டும் மாட்டுகிறது. அதற்கு ‘பிடிசீனி’ என்பதையும் இணையாகப் பதிவு செய்வோம்.

மற்ற சில சொற்களைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 150 டிகிரிப் பதத்துக்கு ‘முறிபதம்’. கம்பிப் பதம், உருட்டுப் பதம் வரை நம் அடுப்படியில் பெயர் உண்டு. அதற்கு மேலே, குளிர்ந்த தண்ணீரில் விட்ட பாகு வளையாமல் படக்கென்று முறியும் இடத்துக்கு இது பொருந்தும். சர்க்கரைக்குப் பதிலாக வார்ப்புக்கு எடுக்கும் ஐசோமால்ட் என்ற இனிப்புச் சரக்கின் பெயர் அப்படியே இருக்கட்டும், சரக்கின் உறையில் அந்தப் பெயர்தான் இருக்கும். அமிலம் பட்டு குளுக்கோஸ், பிரக்டோஸ் என்று இரண்டாகப் பிரிந்த சர்க்கரைக்கு ‘தலைகீழ்ச் சர்க்கரை’ என்று வந்த பரிந்துரையை ஏற்க முடியவில்லை. கரைசல் ஒளியைத் திருப்பும் திசை மாறுவதால் அறிவியலில் வந்த பெயர் அது. அடுப்படியில் திரும்புவது எதுவும் இல்லை, பிரிவதுதான் நடக்கிறது. ‘பிரிசர்க்கரை’ எனலாம்.

ஈரக் காற்று பட்டால் தெளிந்த வார்ப்பு மேலே பிசுபிசுக்கும். அதற்கு ‘நமுத்தல்’ என்று எழுதியிருந்தார்கள். நமுத்தால் மொறுமொறுப்பு போகும், ஆனால் மேலே ஈரம் தெரியாது. மழைக்காலத்தில் உப்பு கசிகிறதே, அந்தக் ‘கசிதல்’தான் இங்கே சரி என்று தோன்றுகிறது. காற்றுப் புகாத டப்பாவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பொட்டலத்தோடு வைத்தால் கசியாது.

எனக்கு இன்னும் கிடைக்காத ஒரு சொல் இருக்கிறது. உருவத்தை அச்சிலிருந்து வெளியே எடுப்பதற்கு. பிடிசர்க்கரையைக் கவிழ்க்கிறோம். சிலிகான் அச்சிலிருந்து தெளிந்த வார்ப்பை எடுக்கும்போது அச்சைத்தான் தோல் மாதிரி உரிக்கிறோம். இரண்டு பாதியாகப் பிரியும் கெட்டி அச்சில் பிளந்து எடுக்கிறோம். மூன்றுக்கும் பொதுவாக ஒரு வினை உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் யாராவது சொல்லிக் கேட்டிருந்தால் எழுதுங்கள். செங்கல் அறுப்பவர்கள், பொம்மை செய்பவர்கள் பக்கம் பழக்கம் உள்ளவர்கள் இருந்தால் அவர்களிடம் கேட்டுச் சொன்னாலும் நல்லது.

அன்புடன்,
பிடிசர்க்கரையை முன்மொழிந்தவன்