நாலு சேவலுக்கு இடம் தேடிய கதை

வீட்டில் வளர்த்த சேவலை வேறு இடத்துக்குக் கொடுத்த அனுபவம் யாருக்காவது உண்டா என்று கேட்டிருந்தீர்கள், என்னுடையதையும் எழுதுகிறேன். சிங்கப்பூரில் சிராங்கூன் கார்டன் பக்கம் பழைய தரைவீடு (அடுக்குமாடி இல்லாத தனி வீடு) எங்களுடையது. பின்பக்கம் மூன்று பெட்டையும் ஒரு சேவலும் வளர்த்தோம். போன வருடம் ஒரு பெட்டை அடைக்கு உட்கார்ந்தது. மகள் ஆசைப்பட்டாளே என்று 7 முட்டை வைத்தோம். 21ஆம் நாள் 6 குஞ்சு பொரித்தது. ஆக மொத்தம் 10. தரைவீட்டில் வளர்க்க அனுமதி இருப்பதும் 10தான், அதனால் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஆறாவது வாரம் கொண்டைகள் சிவக்க ஆரம்பித்தன. எண்ணிப் பார்த்தால் ஆறில் நாலு சேவல்! பழையதோடு ஐந்து சேவல், பெட்டையும் ஐந்துதான். ஒரு சேவலுக்கு எட்டுப் பத்துப் பெட்டையாவது இருக்க வேண்டும். ஐந்தாம் மாதம் தாய்க்கோழியின் முதுகில் இறகே இல்லை, தோல் புண்ணாகிக் கிடந்தது. அதைப் பார்த்த அன்றே கொடுத்துவிட முடிவெடுத்தேன். அதே வாரம் பக்கத்து வீட்டு ஆன்ட்டியும் வாசலுக்கு வந்தார். மகனுக்கு இரவு வேலையாம், விடியற்காலை வந்து படுத்தால் தூங்க முடியவில்லையாம். அவர் கோபப்பட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன், கெஞ்சினார்.

"பாசிர் ரிஸ் பூங்காவில் விட்டுட்டு வந்துடுங்க அத்தான், அங்கேதான் நிறைய திரியுதே" என்றான் மச்சான். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வளர்த்ததைக் கைவிடுவது குற்றம், 10,000 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வரை அபராதம், சிறையும் உண்டு. அதைவிட, 2017இல் சின் மிங் பக்கம் திரிந்த 24 கோழிகளை, சத்தம் என்று புகார் போனபிறகு, கொன்றுவிட்டார்கள். புலாவ் உபின் தீவில் இருக்கும் காட்டுக்கோழி இந்த மண்ணுக்கே உரியது. வீட்டுச் சேவல் அதோடு கலந்தால் அந்த இனமே கெட்டுப்போகும்.

சரி, தெரிந்தவர்களிடம் சொல்லி வைத்தேன். வந்த அழைப்புகளில் பாதிக்கு மேல் வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீட்டுக்காரர்கள். அங்கே கோழி வளர்க்கவே கூடாது. ஒருவர் வயதைக் கேட்கவில்லை, காலில் முள் எவ்வளவு நீளம் என்று மட்டும் கேட்டார். சேவல் சண்டைக்குத்தான் என்று புரிந்தது, போனை வைத்துவிட்டேன். ஒரு மலாய் மக்சிக் (பெரியவரான ஆன்ட்டி), சமைக்கத்தான் கேட்கிறேன் என்று முகத்துக்கு நேரே சொன்னார். அவர் மேல் எனக்கு மரியாதைதான் வந்தது. ஆனால் மகள் கையில் அரிசி தின்று வளர்ந்ததைக் கொடுக்க மனம் வரவில்லை, அதையும் அவரிடம் மறைக்காமல் சொன்னேன். "புரிகிறது தம்பி" என்றார்.

கிராஞ்சிப் பக்கம் பண்ணை வைத்திருக்கும் அங்கிள் ஒருவர் முதலில் பெரிய கருப்பனை எடுத்துக்கொண்டார். அவன்தான் விடியுமுன் முதலில் கூவுவான், அவன் போனால் சத்தம் குறையும் என்று நம்பினேன். மறுநாள் அதே நேரத்துக்கு அடுத்தவன் ஆரம்பித்துவிட்டான். கூட்டத்தில் மேலே இருக்கும் சேவல்தான் முதலில் கூவும், மற்றவை வரிசைப்படி தொடரும் என்று ஜப்பானில் நகோயா பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து சொன்னதை அப்புறம்தான் படித்தேன். ஒன்றிரண்டை மட்டும் கொடுத்துவிட்டுக் காலை அமைதியாகிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

மற்ற மூன்றுக்கும் இடம் கிடைக்க மேலும் இரண்டு மாதம் ஆனது. ஒன்று அதே அங்கிளிடம். இரண்டு, சிலேத்தாரில் பெட்டை மட்டும் வளர்க்கும் ஒரு குடும்பத்துக்கு. அவர்களிடமும் எண்ணிக்கை பத்தைத் தாண்டவில்லை, கூண்டுக்கு வலை கட்டியிருக்கிறார்கள் என்று நேரில் பார்த்த பிறகே கொடுத்தேன். பொழுது சாய்ந்ததும் பிடித்தால் முரண்டு பிடிக்காது, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி போதும். புது இடத்தில் சில வாரம் தனியே வைக்கச் சொல்லுங்கள்.

தாய்க்கோழிக்கு இப்போது முதுகில் இறகு முளைத்துவிட்டது. நேற்று மறுபடியும் அடைக்கு உட்கார்ந்தது. மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். முட்டைகளை எடுத்துச் சமையலறையில் வைத்துவிட்டேன்.