மூட்டைக்கு 27-ஆ, 35-ஆ?

வாடகை வீட்டுக்காரன்: 2025 கட்டுமானத் தொழிலுக்குப் பொற்காலம்னு ஒருத்தர் வருஷக் கடைசிக் கணக்கு எழுதி, அது வாட்ஸ்அப்ல சுத்துது. செப்டம்பர் 22-ல சிமெண்ட் ஜிஎஸ்டி 28-லிருந்து 18 ஆச்சு, அதனால மூட்டைக்கு 35 ரூபாய் மிச்சமாம். சேலம் ஐந்து ரோட்டுல எந்தக் கடையில அந்த 35 கிடைக்குதுன்னு சொன்னா நாளைக்கே போறேன்.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்: 35-ன்னு எழுதினதே தப்பு. 350 ரூபாய் மூட்டையில 28% வரியும் சேர்ந்தே இருக்கு. 128-ஆல வகுத்து 118-ஆல பெருக்குங்க, 322.66 வரும். மிச்சம் 27 ரூபாய்தான்.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: 28-ல 18 போனா பத்து. 350-க்குப் பத்து பர்சென்ட் 35. இதுக்கு எதுக்குங்க சார் 128, 118?

அஸ்தம்பட்டி இன்ஜினியர்: குறைஞ்சது வரியில பத்து, விலையில பத்து இல்லை. 27.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: சரி, 27-ன்னே வெச்சுக்கங்க. அதாவது வந்துச்சா? கம்பிக்கு அதே 18 தான், ஒரு பைசா குறையல. ஏப்ரல்ல கிரஷர் ஸ்டிரைக் நடந்தப்ப ஜல்லியும் இல்லை, பாறையை உடைச்சு அரைக்கற எம்சாண்ட் மணலும் இல்லை. கம்பி கட்டி முடிச்ச ரூஃப் ஒண்ணு வெயில்ல துருவேறிக் கிடந்துச்சு. எட்டு ஆளுக்கு நான் கைக்காசுல சோறு போட்டேன். அப்புறம் வந்த லோடு மூணு யூனிட்னு பில்லு. லாரி மேல ஏறி டேப் போட்டேன், 300 கன அடி வரவேண்டியது 262. ஒரு பிடி அள்ளி டம்ளர் தண்ணியில கலக்கினா பால் மாதிரி வெளுத்துப்போச்சு, அத்தனையும் டஸ்ட்டு. இதுல பொற்காலமாம்! ஆனாலும் கணக்குன்னா 35 தான்.

சேர்வராயன் காற்று: ஏற்காட்டுக்கு வாங்க. 20 கொண்டை ஊசி வளைவு ஏறி லோடு மேல வர்றதுக்குள்ள உங்க 27, 35 ரெண்டும் லாரி வாடகையில கரைஞ்சிரும்.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: காட்டேஜ் கட்டி ராத்திரிக்கு ஆயிரக்கணக்குல வாங்கறவங்க வாடகையைப் பத்திப் பேசக்கூடாதுங்க.

சேர்வராயன் காற்று: எனக்கு இருக்கறது ரெண்டு ரூம். மலையில வீடு கட்ட வாங்கற ஹாக்கா அனுமதிக்கு நடந்து என் செருப்பு தேஞ்சது உங்களுக்கு என்ன தெரியும்?

புதுமனை: உருக்காலை இருக்கற ஊர்லயே கம்பி இந்த விலையா?

அஸ்தம்பட்டி இன்ஜினியர்: சேலம் உருக்காலையில வர்றது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் தகடுங்க. ரூஃபுக்குத் தட்டும் டம்ளருமா அடுக்கப் போறீங்க?

புதுமனை: தெரியாமக் கேட்டா இப்படித்தான் பேசுவீங்களா? படிச்ச திமிரு.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: அவர் அப்படித்தான் தம்பி. அழகாபுரத்துல அவர் போட்ட பிளான்ல மாடிப்படி ஏறினா ஏழாவது படியில தலை இடிக்கும். வீட்டுக்காரர் இன்னும் குனிஞ்சுதான் ஏறுறார்.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்: அதே வீட்டுல பால்கனி வாட்டத்தை ஹால் பக்கமா விட்டது யாருங்க? மழை வந்தா சோபா மிதக்குது.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: வாட்டம் நீங்க சொன்ன லெவல்தான்! 22 வருஷமா கரணை பிடிக்கறேன், எனக்கு வாட்டம் தெரியாதா?

வாடகை வீட்டுக்காரன்: அண்ணா, கடை பேர் இன்னும் யாருமே சொல்லலை.

அஸ்தம்பட்டி இன்ஜினியர்: 27-க்கு வேணா கேட்டுப் பாருங்க.

கொண்டலாம்பட்டி மேஸ்திரி: 35.