மண்ணரிப்பு வேண்டாம், புதையரிப்பு என்போம்

வணக்கம்.

புதைத்த மின்வடத்தின் உலோக உறையை மண் அரித்துவிடுவதற்கு ‘மண்ணரிப்பு’ என்ற சொல்லை முன்வைத்திருக்கிறீர்கள். இலங்கை மலையகத்தில் அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேறு வேலை இருக்கிறது. மழை மேல்மண்ணை அள்ளிக்கொண்டு போவதுதான் எங்களுக்கு மண்ணரிப்பு. தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வடத்துக்குக் குழி வெட்டும்போது, “இங்கே மண்ணரிப்பு அதிகம், காப்பு வேண்டும்” என்றேன். வெட்டிக்கொண்டிருந்த அண்ணன் உடனே, “அப்ப மேல ஒரு கான் வெட்டணுங்க” என்றார். கான் என்றால் மழைநீர் வடியும் வாய்க்கால். அவர் புரிந்துகொண்டது சரி. நான் சொன்ன சொல்தான் தப்பு.

‘மண் துரு’வும் பொருந்தாது. துரு இரும்புக்குரியது, பழைய வடங்களின் ஈய உறை துருப்பிடிக்காது, ஆனால் அரிபடும். “மண்ணு தின்னுடுச்சி” என்று பேச்சில் சொல்கிறோம், எனக்கும் பிடித்த சொல்தான். ஆனால் ‘மண் தின்னல்’ என்று எழுதினால் குழந்தைகள் மண் தின்னும் பழக்கம் என்றே படுகிறது.

ஆகவே என் பரிந்துரை: புதையரிப்பு. புதைபொருள் போல வினைத்தொகை. கூடவே புதைவடம் என்ற சொல்லும் கிடைக்கிறது.

இங்கே இந்தச் சொல் அவசரமாகத் தேவை. தேயிலைக்கு ஏற்ற மண்ணின் பிஎச் பெறுமானம் 4.5 முதல் 5.5 வரை, அமோனியம் சல்பேட் உரம் அதை இன்னும் புளிப்பாக்கும். அப்புறம் சரிவு. ஒரே வடம் மேட்டில் காற்றோட்டமான மண்ணிலும் பள்ளத்தில் நீர் தேங்கிய களியிலும் கிடக்கும். ஒட்சிசன் குறைந்த களிக்குள் இருக்கும் பகுதி அனோட்டாகி, அதாவது உலோகம் கரையும் மின்முனையாகி, கரையும்; மேட்டுப் பகுதி தப்பிக்கும். மேட்டில் மட்டும் தோண்டிப் பார்த்துவிட்டு வடம் நன்றாக இருக்கிறது என்று மூடிவிடக் கூடாது.

அடுத்தது, ‘sacrificial anode’ என்பதற்கான ‘பலி நேர்மின்வாய்’. வடத்தோடு கம்பியால் இணைத்துப் புதைக்கும் மகனீசியக் கட்டி, வடத்துக்குப் பதிலாகத் தான் கரைகிறது. கட்டியும் வடமும் ஈர மண்ணும் சேர்ந்து ஒரு மின்கலம் போல ஆகின்றன; இந்தக் கலத்தில் அனோட்டு, அதாவது கரையும் கட்டி, எதிர் முனை. அதை ‘நேர்’ என்று அழைத்தால் மாணவர் குழம்புவார்கள். நம் பாடநூல்களின் ‘அனோட்டு’ அந்தச் சிக்கலைத் தராது. பலி என்பதற்குப் பதில் ‘தேய்’ போதும்: பாடத்தில் தேய் அனோட்டு, வேலைத்தளத்தில் தேய்கட்டி. உரசினால்தானே தேயும் என்று ஒருவர் கேட்டிருந்தார். தேய்பிறை உரசித் தேய்வதில்லையே. மெல்ல மெல்லக் குறைவதையும் தமிழ் தேய்வு என்றே சொல்கிறது.

வேலைக் குறிப்பில் எழுதிப் பார்த்தேன்: “புதையரிப்பைத் தடுக்கப் பள்ளத்தில் புதைவடத்தோடு ஒரு தேய்கட்டி இணைக்கவும்.” அதே அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். “எந்தப் பள்ளத்துலங்க?” என்று மட்டும் கேட்டார்.