வக்கீலைப் பார்க்க கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் சொல்லுங்கள்

பாம்பன் வலைக்காரன்:
தங்கச்சியை அவள் வீட்டுக்காரர் அடித்த விஷயமாகப் போனோம். டெலி-லாதான், கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்து திரையில் வக்கீலிடம் யோசனை கேட்கிற அரசுத் திட்டம், தெரியுமே. தனியாகப் பேச இடம் இருக்கா தம்பி என்று கேட்டால், "இதுதான் இடம்ணே" என்றான் கடைப் பையன். பின்னால் ஆதார் பிரிண்ட் எடுக்க ஏழெட்டுப் பேர். வக்கீலம்மா குரல் கேட்கவில்லை என்றதும் ஸ்பீக்கரை ஏற்றிவிட்டான். "எங்கேம்மா அடிச்சார், காயம் தெரியுதா?" கடை முழுக்கக் கேட்டது. வரிசையில் நின்ற ஒரு பெரியவர், "குடிக்கிறவன் அடிக்கத்தான் செய்வான், இதுக்கு ஒரு கேஸா ஆத்தா" என்கிறார். தங்கச்சி எழுந்து வெளியே போய்விட்டாள். அந்தம்மா திரையில் ஹலோ ஹலோ என்றுகொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல முடியாது, நன்றாகத்தான் விசாரித்தார்.

தொண்டி லாத்தா:
எனக்கு ஜீவனாம்ச கேஸ். வக்கீல் வைக்க வசதியில்லை, நானே மனு போட்டேன். டைப் பண்ணிக் கொடுத்த சென்டர்க்காரன் என் போன் நம்பருக்குப் பதில் தன் நம்பரைப் போட்டுவிட்டான், ஓ.டி.பி. வந்தால் சுலபமாம். வாய்தா மெசேஜ் எல்லாம் அவனுக்கே போனது. கோர்ட்டில் பெயரைக் கூப்பிட்டும் ஆள் இல்லை, மனு தள்ளுபடி. போய்க் கேட்டபோது போனைத் தள்ளித் தள்ளிக் காட்டினான். கேஸ் சிலிண்டர் மெசேஜுக்கும் லோன் விளம்பரத்துக்கும் நடுவில் என் வாய்தா தேதி! "பார்க்கலை லாத்தா" என்றான், அவ்வளவுதான்.

சாயல்குடி மாஸ்டர்:
கடைக்காரரையே குத்தம் சொல்லாதீர்கள். அந்தக் கடை இல்லாவிட்டால் ஒவ்வொன்றுக்கும் ராமநாதபுரம் பஸ் ஏற வேண்டும். எங்க அம்மாவின் பட்டா வழக்கு விவரத்தை ஒரு பையன்தான் எடுத்துக் கொடுத்தான், காசு வாங்கவில்லை. இன்னும் சில விஷயம் சொல்கிறேன், எழுதி வைத்துக்கொள்ளுங்கள். 1987 சட்டப்பணிகள் ஆணைக்குழு சட்டம் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. குழந்தைகள், எஸ்.சி., எஸ்.டி., மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் எல்லோருக்கும் உண்டு. சட்ட உதவி எண் 15100-க்கு அடித்துக் கேட்கலாம். வாய்தா தேதி பார்க்க யாருக்கும் காசு கொடுக்காதீர்கள். இ-கோர்ட்ஸ் ஆப் இலவசம், ஒவ்வொரு கேஸுக்கும் சி.என்.ஆர். என்று ஒரு தனி எண் உண்டு, எழுத்தும் எண்ணுமாக 16 இலக்கம், அதைப் போட்டால் போதும். கேஸில் கொடுத்த போன் நம்பரை மாற்றணும் என்றால் கோர்ட்டில் மனு வாங்கும் பிரிவில் எழுதிக் கொடுங்கள். தள்ளுபடியான மனுவைத் திரும்ப எடுக்கச் சொல்லியும் கேட்கலாம், தள்ளிப்போடாதீர்கள். மற்றபடி தனியார் கைக்குப் போனால்தான் எந்த வேலையும் சுறுசுறுப்பாக நடக்கும்.

கீழக்கரை காக்கா:
மாஸ்டர், கடைசி வரி மட்டும் இடிக்கிறது. இங்கிலாந்தில் ஜெயிலிலிருந்து வெளியே வந்தவர்களைக் கண்காணிக்கிற வேலையில் பெரும்பங்கை 2014-ல் 21 கம்பெனிகளாகப் பிரித்துத் தனியார் பக்கம் விட்டார்கள். பேருக்கு போனில் நாலு வார்த்தை கேட்டுவிட்டுக் கணக்கு முடித்த கதையெல்லாம் நடந்தது. 2021-ல் மொத்தமும் திரும்ப அரசிடமே வந்தது. அத்தனை பணம் இருக்கிற ஊரிலேயே அந்தக் கதி. இங்கே கடைக்காரருக்கு ஒரு கேஸுக்கு என்ன கிடைத்துவிடும்? ரீசார்ஜ், பான் கார்டு என்று ஓடுகிறவர் லாத்தாவின் வாய்தாவையா நினைவு வைத்திருப்பார்? தப்பு நடந்தால் யாரைக் கேட்பது என்று ஒரு போர்டு உண்டா அந்தக் கடையில்? டெலி-லாவுக்கு மறைவாக ஒரு அறைகூட வைக்காத கடையில் எதை நம்பி உட்கார்கிறது?

சாயல்குடி மாஸ்டர்:
காக்கா, லண்டன் கதை நமக்கு எதுக்கு. கோர்ட்டுக்குள்ளேயே இ-சேவா கேந்திரா என்று உதவி மையம் இருக்கிறது, அங்கே போங்கள் என்றுதான் நானும் சொல்ல வந்தேன்.

கீழக்கரை காக்கா:
எங்கே சொன்னீர்கள்?

எஞ்சின் மெக்கானிக்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். மீன்பிடித் தடைக்காலத்தில் கரையேற்றி வைத்திருந்த படகில் எஞ்சின் சாமான் களவு போனது. சந்தேகப்பட்ட ஆள் பெயரையும் சொல்லித்தான் புகார் கொடுத்தேன். எஃப்.ஐ.ஆர். நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசமாகத் தரணும், குற்றவியல் நடைமுறைக்கான புதுச் சட்டத்தில் (பி.என்.எஸ்.எஸ்.) 173-ஆம் பிரிவிலும் அதுதான் இருக்கிறது. ஆனால் ஸ்டேஷனில் பிரிண்டர் ஓடவில்லையாம், எதிர்க் கடையில் ஆன்லைனில் எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். கடைக்காரர் பேப்பரை என்னிடம் தராமல் முழுசாகப் படித்தார். எதிரி பெயர் வந்த இடத்தில் நிமிர்ந்து, "இது எங்க சின்னம்மா மகனாச்சே" என்றார். அப்புறம் 20 ரூபாய் கேட்டார்.