டைட்டானியத்தின் மேல் ஹைட்ராக்சிஅபடைட் பூச்சு வெடித்து உதிர்கிறது, எங்கே தப்பு?

தென்னம்பாளை:
வணக்கம். பாலக்காட்டின் கிழக்கு ஓரத்தில், சித்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் ஆராய்ச்சி மாணவி. எலும்பு இம்ப்ளாண்ட்டுகளுக்கான பூச்சுதான் என் தலைப்பு. கிரேடு 5 டைட்டானியத் தகட்டின் மேல் ஹைட்ராக்சிஅபடைட்டை (எலும்பில் இருக்கும் கால்சியம் பாஸ்பேட் வகை) எலக்ட்ரோஃபோரெடிக் முறையில், அதாவது திரவத்தில் மிதக்கும் துகள்களை மின்புலத்தால் தகட்டுக்கு இழுத்து, படிய வைக்கிறேன்.

செய்முறை இதுதான். கால்சியம் நைட்ரேட், டைஅமோனியம் ஹைட்ரஜன் பாஸ்பேட் இரண்டையும் சேர்த்து, அமோனியா விட்டு பி.எச். 10க்கு மேல் வைத்துப் பவுடர் எடுக்கிறேன். கழுவி, 80 டிகிரியில் காயவைத்து, அரைத்து, எத்தனாலில் போட்டு சோனிகேட் செய்கிறேன் (மீயொலியால் கலக்குவது). தகடு ஒரு சென்டிமீட்டர் சதுரம், பின்பக்கம் டேப் ஒட்டியிருக்கும். எதிரே கிராஃபைட், இடைவெளி ஒரு சென்டிமீட்டர். 60 வோல்ட், 3 நிமிடம். சுமார் 6 மில்லிகிராம் ஏறுகிறது. எடுத்ததும் 80 டிகிரி ஓவன், அப்புறம் மஃபுள் ஃபர்னஸில் (மின் உலை, உள்ளே சாதாரணக் காற்றுதான்) 900 டிகிரி, 2 மணி நேரம்.

மழைக்காலத்தில் செய்தவை ஓவனிலிருந்து வழவழவென்று வந்தன. அப்போது ஃபர்னஸ் பழுதாகிக் கிடந்ததால் சுடவில்லை. மார்கழி பிறந்ததிலிருந்து வற்றிய குளத்து வண்டல் மாதிரி கட்டம் கட்டமாக வெடிக்கிறது. சுட்ட பிறகு நகத்தால் தொட்டாலே செதில் செதிலாக வந்துவிடுகிறது. எங்கள் பக்கம் போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம், அதனால் இருக்குமோ என்று ஒரு சந்தேகம். கைடு வோல்ட்டை ஏற்றிப் பார் என்கிறார்.

பாலிஷ்பேப்பர்:
இவ்வளவு கஷ்டம் எதற்கு? இம்ப்ளாண்ட் செய்கிறவர்கள் எல்லாம் பிளாஸ்மா ஸ்ப்ரேதானே (பவுடரை உருக்கித் துப்பாக்கியால் பீய்ச்சுவது) அடிக்கிறார்கள். அந்த வசதி உள்ள இடத்தில் கொடுத்து வாங்கிவிடுங்கள்.

வாளையார்தாண்டி:
பாலிஷ்பேப்பர், அவருடைய தலைப்பே எலக்ட்ரோஃபோரெடிக். அதை விட்டுவிட்டு எங்கோ கொடுத்து அடித்து வாங்கினால் ஆய்வேட்டில் எதை எழுதுவது? பிளாஸ்மாவிலும் பூச்சு உருகி, கொஞ்சம் உருவமற்ற கண்ணாடி நிலைக்கும் ட்ரைகால்சியம் பாஸ்பேட்டுக்கும் போகும். துப்பாக்கிக்கு நேரே தெரியும் பக்கத்தில்தான் படியும், துளை உள்ள இம்ப்ளாண்ட்டுக்கு உள்ளே போகாது. அதனால்தான் இந்த முறைக்கு இன்னும் மவுசு.

தென்னம்பாளை, ஃபுளோரைடை விட்டுவிடுங்க. அது அபடைட்டுக்குள் ஹைட்ராக்சில் இடத்தில் போய் உட்காரும், எக்ஸ்ஆர்டியில் (படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்ரே சோதனை) உச்சிகள் கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். பூச்சை வெடிக்க வைக்காது. பவுடரைக் கடைசி வரை டிஸ்டில்டு வாட்டரில் கழுவினால் அந்தக் கவலையும் இல்லை.

உங்கள் எண்களைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். இந்தப் பவுடரின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 3.16 கிராம். ஒரு சதுர சென்டிமீட்டரில் 1 மில்லிகிராம் என்றால் கெட்டியாக 3 மைக்ரான் சொச்சம். சுடாத பூச்சில் பாதி காலி இடம், ஆக 6 மைக்ரானுக்கு மேல் வரும். உங்களுடைய 6 மில்லிகிராம் கிட்டத்தட்ட 40 மைக்ரான்! இவ்வளவு தடிமனை ஈரத்தோடு 80 டிகிரி ஓவனில் வைத்தால் வெடிக்காமல் என்ன செய்யும்? வோல்ட்டை ஏற்றினால் இன்னும் தடிக்கும், இன்னும் வெடிக்கும். கைடிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று, கண்டிப்பாக. எத்தனால் சொட்டச் சொட்ட சூடான ஓவனில் வைக்காதீர்கள். ஒரு தீப்பொறி போதும். செல்லிலும் பவர் சப்ளையை அணைத்த பிறகுதான் கிளிப்பைக் கழற்ற வேண்டும்.

பழையஃபர்னஸ்:
கணக்கு சரி. ஆனால் உதிர்வதற்குக் காரணம் அது இல்லை என்று நினைக்கிறேன். 900 டிகிரியில், காற்றில், 2 மணி நேரம்! அந்தச் சூட்டில் டைட்டானியம் ஆக்சிஜனைக் குடித்து மேலே தடித்த ஆக்சைடு தோலைக் கட்டிக்கொள்ளும். ஆறும்போது அந்தத் தோலே பெயர்ந்துவிடும், மேலே இருக்கிற பூச்சு அதோடு சேர்ந்து போகும். நீங்கள் எவ்வளவு நன்றாகப் பூசினாலும் பயனில்லை.

வெடிப்பு வேறு, உதிர்வு வேறு. இரண்டையும் ஒரே வியாதியாகப் பார்க்கிறீர்கள்.

உதிர்ந்த செதிலை இடுக்கியால் எடுத்துக் கவிழ்த்துப் பாருங்கள் அம்மா. அடிப்பக்கமும் சுத்த வெள்ளையாக இருந்து, தகடு பளிச்சென்று இருந்தால் பூச்சு ஒட்டவே இல்லை. அடிப்பக்கம் சாம்பலோ பழுப்போ ஒட்டியிருந்தால் ஆக்சைடு தோல். தகட்டிலும் வெள்ளை, செதிலிலும் வெள்ளை என்றால் பூச்சே நடுவில் பிளந்திருக்கிறது. எக்ஸ்ஆர்டி கிடைத்தால் செதில் உதிர்ந்த இடத்தில் 27.4 டிகிரியில் ரூட்டைல் (டைட்டானியம் ஆக்சைடு) உச்சி நிற்கிறதா என்றும் பாருங்கள்.

தென்னம்பாளை:
கவிழ்த்துப் பார்த்தேன் சார். மேலே வெள்ளை, அடியில் அழுக்குச் சாம்பல். ஒடித்தால் இரண்டு அடுக்கு கண்ணுக்கே தெரிகிறது. டேப் ஒட்டிய பின்பக்கத்தில் பூச்சே இல்லை, ஆனால் அங்கேயும் சாம்பல் தோல் உரிகிறது.

வெடிப்பு ஃபர்னஸுக்கு முன்னாலேயே வருகிறது. ஓவனிலிருந்து எடுத்ததும் லென்ஸில் பார்த்தால் தெரிகிறது. ஆனால் அதே 6 மில்லிகிராம், அதே ஓவன்தான் மழைக்காலத்திலும். அப்போது ஏன் வெடிக்கவில்லை?

பழையஃபர்னஸ்:
பூச்சில்லாத பின்பக்கமும் உரிகிறது என்றால் உதிர்வுக்கு ஆக்சைடு தோல்தான் காரணம், அந்த வழக்கு முடிந்தது.

வாளையார்தாண்டி:
இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் ஜன்னலுக்கு வெளியே வீசுகிறது. நீங்கள் இருப்பது பாலக்காட்டுக் கணவாயின் வாசல். மார்கழி, தையில் கிழக்கிலிருந்து வறண்ட காற்று ஓயாமல் உள்ளே அடிக்கும். உதடு வெடிக்கிற அந்தக் காற்றில் எத்தனாலில் நனைந்த பூச்சு மட்டும் எப்படித் தாங்கும்? செல்லிலிருந்து ஓவன் வரை கொண்டுபோகும் அந்தக் கொஞ்ச நேரத்திலேயே மேல் பக்கம் காய்ந்து இறுகிவிடும், அடி ஈரமாக இருக்கும். தகடு சுருங்காது, பூச்சு சுருங்கப் பார்க்கும், கிழியும். மின்விசிறி ஓடினால் கேட்கவே வேண்டாம். மழைக்காலத்தில் காற்றின் ஈரம் உங்களைக் காப்பாற்றியிருக்கிறது. அந்த ஈரத்துக்கும் ஒரு தொல்லை உண்டு, எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும், கேத்தோடில் (நெகட்டிவ் முனையான தகட்டில்) குமிழி வரும், பூச்சில் ஊசித் துளை விழும். பழைய சாம்பிள்களை மைக்ராஸ்கோப்பில் பாருங்கள், இருக்கும்.

செய்ய வேண்டியது: 20, 30 வோல்ட், ஒரு நிமிடம், ஒரு தடவைக்கு ஒரு மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம். மூடி போட்ட டப்பாவில் ஒரு சின்னக் கிண்ணி எத்தனாலையும் வைத்து, தகட்டைப் படுக்கப்போட்டு ராத்திரி முழுக்க விடுங்கள். டப்பா பக்கத்தில் ஹீட்டரோ பர்னரோ கூடாது. நன்றாகக் காய்ந்த பிறகு மேலே இன்னொரு மெல்லிய பூச்சு. முதல் அடுக்கில் இருக்கிற மயிரிழை வெடிப்பை இரண்டாவது அடுக்கு போய் அடைக்கும்.

பவுடரையும் கவனியுங்கள். 80 டிகிரியில் மட்டும் காய்ந்தது ரொம்ப நுண்ணியது, உள்ளே தண்ணீரும் பிடித்திருக்கும், சுருக்கம் அதிகம். 600, 700 டிகிரியில் ஒருமுறை சுட்டு, திரும்ப அரைத்துப் பயன்படுத்தினால் சுருக்கம் குறையும்.

பழையஃபர்னஸ்:
இப்போது ஃபர்னஸ். மெதுவாக ஆறவிட்டால் சரியாகும் என்று யாராவது சொல்வார்கள். அது பாதிதான் உண்மை. ஹைட்ராக்சிஅபடைட் ஒரு டிகிரிக்குப் பத்து லட்சத்தில் 14 பங்கு அளவில் விரியும், டைட்டானியம் 9 பங்கு. 900இலிருந்து இறங்கும்போது பூச்சு தகட்டைவிட அதிகம் சுருங்க நினைக்கும். நீங்கள் ஒரு நாள் எடுத்து ஆறவிட்டாலும் அந்த வித்தியாசம் போகாது. உச்ச வெப்பத்தைக் குறைப்பதும் பூச்சை மெல்லியதாக வைப்பதும்தான் வழி.

ஆர்கான் ஓடும் டியூப் ஃபர்னஸில் 800 டிகிரிக்கு மேல் போகாதீர்கள். சிலிண்டர் ஆர்கானிலும் கொஞ்சம் ஆக்சிஜன் இருக்கும். வாயு நுழையும் பக்கத்தில், சாம்பிளுக்கு முன்னால், எண்ணெய் போகக் கழுவிய டைட்டானியம் லேத் சீவல்களை ஒரு படகில் வையுங்கள். வருகிற ஆக்சிஜனை அதுவே வாங்கிக்கொள்ளும். டைட்டானியம் ஸ்பாஞ்ச் (துளை துளையான கச்சா உலோகம்) கிடைத்தால் இன்னும் நல்லது. நம் மாநிலத்தில் சவறாவிலேயே கடற்கரை மணலில் தொடங்கி ஸ்பாஞ்ச் வரை போகிறார்கள், 2011இல் தொடங்கிய ஆலை, விண்வெளித் துறைக்காக. நமக்கு ஒரு கைப்பிடி கிடைப்பதுதான் பாடு!

சுட்டு முடித்தால் தகட்டின் வெறும் பக்கம் பொன் நிறமோ நீலமோ காட்டினால் ஆக்சைடு மெல்லியது, தாராளமாகப் போகலாம். சாம்பல் வெளுப்பு வந்தால் குழாயில் கசிவு.

கொச்சிக்கரை:
ஃபர்னஸே வேண்டாம் என்றால் ஒரு வழி உண்டு. கைட்டோசானை (இறால் ஓட்டிலிருந்து எடுக்கும் பாலிமர்) ஒரு சதவீத அசிட்டிக் அமிலத்தில் கரைத்து, அதில் அபடைட்டைக் கலந்து பூசலாம். கேத்தோடு பக்கத்தில் பி.எச். ஏறுவதால் கைட்டோசான் அங்கே கரையாமல் படியும், துகள்களையும் பிடித்து வைத்துக்கொள்ளும். எங்கள் ஊரில் இறால் ஓட்டுக்குப் பஞ்சமில்லை.

வாளையார்தாண்டி:
கைட்டோசான் நல்ல யோசனைதான், ஆனால் அது வேறு ஆய்வு. சுட்ட பூச்சோடு ஒரே அட்டவணையில் போட்டால் பரீட்சகர் பிடித்துக்கொள்வார்.

தென்னம்பாளை:
எல்லோருக்கும் நன்றி. டப்பா வைத்தியம் கேட்டது. இரண்டு மெல்லிய அடுக்கு, மைக்ராஸ்கோப்பில் வெடிப்பு இல்லை. கோயம்புத்தூரில் ஒரு ஆய்வகத்தில் ஆர்கான் ஃபர்னஸ் கிடைத்தது. சீவல் வைத்து 800இல் சுட்டோம், பின்பக்கம் வைக்கோல் நிறப் பொன். நகத்தால் தொட்டால் வருவதில்லை. ஆனால் செலோடேப் ஒட்டி இழுத்தால் அங்கங்கே கொஞ்சம் வெள்ளை வருகிறது அக்கா. போகிற வழியில் பஸ் குலுங்கியதில் சுடாத சாம்பிள் ஒன்றின் ஓரமும் உதிர்ந்துவிட்டது.

வாளையார்தாண்டி:
சுடாததைப் பஸ்ஸில் கொண்டுபோகாதீர்கள்மா. அங்கேயே பூசி அங்கேயே சுடுங்கள்.

ஒட்டுதலுக்குத் தகட்டைத்தான் கவனிக்க வேண்டும். கண்ணாடி மாதிரி பாலிஷ் செய்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், அது வேண்டாம். 400 எமரியோடு நிறுத்தி, 5 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் 60 டிகிரியில் ஒரு நாள் ஊறவையுங்கள். கண்ணாடி பீக்கர் கூடாது, மூடியோடு பாலிப்ரோப்பிலீன் பாத்திரம். கழுவி 600 டிகிரியில் ஒரு மணி நேரம். ஜப்பானிய ஆய்வாளர் கொக்குபோவின் குழு காட்டிய வழி இது, மேற்பரப்பு வலை மாதிரி நுண்துளையாகிவிடும், பூச்சுக்குப் பிடிமானம் கிடைக்கும். ஹைட்ரோஃபுளோரிக் அமிலத்தில் எட்ச் செய்யச் சொல்வார்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லும் (அந்த அமிலம் மேலே பட்டால் தடவும் மருந்து) பழகிய ஆளும் இல்லாத ஆய்வகத்தில் அந்தப் பாட்டிலையே திறக்காதீர்கள்.

பழையஃபர்னஸ்:
செலோடேப் உங்கள் மனசுக்கு மட்டும். ஆய்வேட்டில் இழுவைச் சோதனை (பூச்சின் மேல் பசையால் ஒட்டி, அறும் வரை இழுத்து அளப்பது) கேட்பார்கள். இம்ப்ளாண்ட் பூச்சுக்கான ஐ.எஸ்.ஓ. 13779 குறைந்தது 15 மெகாபாஸ்கல் கேட்கிறது. ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் எப்பாக்சி பசையைப் போட்டால் அது துளை வழியாக ஊறித் தகடு வரை இறங்கிவிடும். நீங்கள் அளப்பது பசையின் பலமாக இருக்கும், எண் அழகாக வரும். அதனால்தான் ஃபிலிமாக வரும் எஃப்.எம். 1000 பசையைச் சொல்கிறார்கள். அறுந்த முகத்தை ஒவ்வொன்றையும் படம் எடுத்து வையுங்கள், எங்கே அறுந்தது என்று தெரியாத எண்ணுக்கு மதிப்பில்லை.

தென்னம்பாளை:
சரி சார். சோடியம் ஹைட்ராக்சைடில் இன்று காலை போட்டாயிற்று. அந்த ஃபிலிம் பசையை விசாரித்தேன், முழு ரோலாகத்தான் தருவோம் என்கிறார்கள். கோயம்புத்தூர், திருவனந்தபுரம் பக்கம் யாரிடமாவது ஒரு துண்டு மிச்சம் இருந்தால் சொல்லுங்கள், நேரில் வந்து வாங்கிக்கொள்கிறேன்.